ஏழாவது கட்டம்

ரோலாவில் பேருந்துகள் திரும்பும் மூலையில்
எங்கள் டைப்பிங் சென்டர்.
விசா, வாடகை ஒப்பந்தம், தொலைந்த பாஸ்போர்ட்.
இப்போதெல்லாம் இதுவும்.
வாரத்துக்கு நாலைந்து பேர்
போனைக் காலிக் கிண்ணம் மாதிரி
ஏந்திக்கொண்டு வருகிறார்கள்.

அட்டியெனோ வந்தது வெள்ளிக்கிழமை,
தொழுகை முடிந்து ஷட்டரை ஏற்றியவுடன்.
காவலாளிச் சீருடை.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.
பதினோரு மாதம் மிச்சம் பிடித்தது
ஊர் எண்ணோடு கட்டிய பணக்கணக்கில் இருந்திருக்கிறது.
யாரோ அவள் பெயரைச் சொல்லி
புது சிம் வாங்கிவிட்டான்.
"தூங்கிக்கொண்டிருந்தேன்" என்றாள்,
அதுதான் குற்றம் என்பதுபோல.

படிவத்தில் ஏழாவது கட்டம்:
குற்றம் நடந்த இடம்.
விரலைத் தூக்கியபடி காத்திருந்தேன்.

அவள் படுத்திருந்தது சஜாவில்,
ஆறு பேர் அறையில், மேல் கட்டிலில்.
சிம் மாறியது ஓர் ஏரிக்கரைப் பெட்டிக்கடையில்.
பணம் போய் இறங்கியது பக்கத்து நாட்டில்.
அங்கே எடுத்தவன் எந்த ஊர்க்காரன் என்று
நோட்டை எண்ணிக் கொடுத்தவருக்கே தெரியாது.
கட்டமோ என் சுண்டுவிரல் நீளம்.
ஓர் ஊர்தான் கொள்ளும்.

"வேடிக்கை கேள்" என்றாள்.
அந்த வாரம் அவளுக்கு டூட்டி
கடலோர ஓட்டலில், மாநாட்டு அறை வாசலில்.
அவள் கண்டத்திலிருந்து அமைச்சர்கள், வழக்கறிஞர்கள்,
மடிப்புக் கலையாத கோட்டுகள்.
இணையக் குற்றத்துக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவாய்
ஒரு சட்டம் எழுத வந்திருந்தார்கள்.
கதவு திறந்து மூடும்போதெல்லாம்
ஒரு துண்டுப் பேச்சு வெளியே வந்து விழும்:
ஆதாரத்தை எத்தனை மணி நேரத்துக்குள்...
எங்கள் பாராளுமன்றம் இன்னும் அதை...
அந்த வார்த்தைக்குப் பதில் இந்த வார்த்தை...
காபி எங்கே?
மூன்று நாள் நின்றாள்.
கழுத்தட்டை இல்லாத ஒருவரையும் உள்ளே விடவில்லை.
பணம் போனது இரண்டாம் நாள் இரவு.

சட்டம் வந்தால் நல்லதுதானே என்றேன்.
ஏதாவது சொல்ல வேண்டுமே.

அவள் தம்பி
ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்று
போனில் நாலு வரி எழுதினானாம்.
இருபத்தாறு நாள் உள்ளே.
அதுவும் இணையக் குற்றச் சட்டம்தான்,
வேறு பிரிவு.
"அவனை இரண்டு மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள்" என்றாள்.
"எந்தச் சந்து, எந்தக் கதவு,
நாய் கடிக்குமா கடிக்காதா,
எல்லாம் தெரிந்திருந்தது."

நான் வலை பின்னுகிற வீட்டுப் பிள்ளை.
எந்த மீன் மாட்டும் என்பதைக்
கடல் முடிவு செய்வதில்லை,
கண்ணி அளவு முடிவு செய்கிறது.
இதை அவளிடம் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவில்லை.
போன ரமலானில் வங்கி என்று ஒருவன் கூப்பிட்டான்,
நல்ல தமிழில், அண்ணே என்று.
ஆறு இலக்கத்தை
நானே ஒவ்வொன்றாய்ப் படித்துக் காட்டினேன்.
தினம் பத்துப் புகார் டைப் செய்கிறவன்
எனக்கென்று ஒன்று டைப் செய்யவில்லை.
அதற்கு நாற்பது திர்ஹம் ஆகாது.
வெட்கம் ஆகும்.

கணினி கட்டத்தை வெறுமையாய் விடாது.
ஷார்ஜா என்று போட்டு அச்செடுத்தேன்.

தாளைத் திருப்பினாள்.
"பின்பக்கம் எழுதலாமா?"
எழுதலாம் என்று விதியில்லை,
கூடாது என்றும் இல்லை.
பேனாவைக் கொடுத்தேன்.
மூன்று ஊர், மணி, தொகை,
கடைசியில் தம்பியின் பெயரும்.
அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பணத்தை எடுத்தாள்.
சில்லறை இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்றேன்.
மேசை இழுப்பறை நிறைய இருந்தது.

அவள் போகும்போது தாளை வாங்கி
முன்பக்கம் ஒருமுறை சரிபார்த்தேன், பழக்கம்.
அழுத்தி எழுதியிருக்கிறாள்.
ஏழாவது கட்டத்தில்
ஷார்ஜா என்ற எழுத்துக்கு அடியிலிருந்து
இடம்வலம் மாறி
ஏதோ ஒரு பெயர்
புடைத்துக்கொண்டு நின்றது.
விரலால் தடவினால் தெரிகிறது.